தண்டவாளம் இல்லாத இரயில் நிலையம்

நேயர்களே, இரயில் நிலையம் என்றால் அங்கே என்னென்ன இருக்க வேண்டும்? டிக்கெட் கொடுக்கும் முகப்பு, நேரம் பார்க்க ஒரு பெரிய கடிகாரம், பெட்டி படுக்கையோடு காத்திருக்க ஒரு கூடம். இவையெல்லாம் இருந்து, இரயிலும் தண்டவாளமும் மட்டும் இல்லாவிட்டால் அதை நிலையம் என்று ஒப்புக்கொள்வீர்களா? நம் பினாங்குத் தீவில் அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது.

ஜார்ஜ் டவுன் ஃபெரி முனையத்தை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் திரும்பி, கடலோரச் சாலையான வெல்ட் கீயில் கொஞ்ச தூரம் நடந்தால், சைனா ஸ்திரீட் காட் சந்திப்பில் கடிகார கோபுரத்தோடு கூடிய வெள்ளை மாளிகை ஒன்று கண்ணில் படும். நம்மில் பலருக்கு அது 'விஸ்மா கஸ்தாம்', அதாவது சுங்கத் துறைக் கட்டடம். ஆனால் 1907-இல் அது எழும்பியது சுங்கத்திற்காக அல்ல, இரயில்வேக்காக. வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். கோலாலம்பூரின் ஜாமெக் பள்ளிவாசல், 1910-இல் முடிந்த கோலாலம்பூர் இரயில் நிலையம், பிறகு ஈப்போ இரயில் நிலையம் எல்லாம் அவர் கைவண்ணமே. அந்த நிலையங்களில் இரயில் வந்து நின்றது. பினாங்கில் கட்டியதில் மட்டும் நிற்கவே இல்லை.

காரணம் எளிது. பினாங்கு ஒரு தீவு. எதிர்க்கரைக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் கடல். அந்தக் காலத்தில் அதன் மேல் பாலம் போடுவதை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. வடக்கே தண்டவாளம் பெருநிலத்தில் பிறை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை இணைந்தது. 1909-இல் ஜொகூர் பாரு வரை நீண்டது. பேராக்கின் ஈயமும், அடுத்து பெருகிய ரப்பரும் இந்தப் பாதையில்தான் துறைமுகத்தை நோக்கி ஓடின. ஆனால் வணிகர்களும் வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் இருந்தது தீவில். நிலையம் அக்கரையில், வாடிக்கையாளர் இக்கரையில் என்றால் எப்படி? வாடிக்கையாளர் வாசலிலேயே ஒரு நிலையத்தைக் கட்டிவிட்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரயிலை ஓட்டியது மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும்தான் அந்தக் கூட்டு மாநிலங்கள். பினாங்கோ நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று, வேறு நிர்வாகம். அடுத்த வீட்டுக்காரர் நம் வாசலில் கடை போட்ட கதை.

பயணி அந்தக் கூடத்தில் டிக்கெட் எடுத்து, படகுத்துறைக்கு நடந்து, இரயில்வேயின் ஃபெரியில் ஏறி, பிறையில் இறங்கி இரயிலைப் பிடிப்பார். கடலும் தண்டவாளத்தின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேர்ந்தது. தமிழகத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி இரயில் ஏறிய 'போட் மெயில்' பயணமும் இதே கணக்குதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அது ஓடியது. ஜப்பானியர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவோமோரிக்கும் ஹக்கோடாத்தேக்கும் இடையே சரக்கு இரயில் பெட்டிகளையே கப்பலின் வயிற்றுக்குள் உருட்டி ஏற்றினார்கள். 1988-இல் கடலடிச் சுரங்கப்பாதை திறந்ததும் அந்தக் கப்பல்களுக்கு வேலை போயிற்று.

கட்டடக் கலை பேசும் நூல்கள் கோபுரத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. அந்தக் கடிகாரத்தின் கீழே யார் யார் நடந்திருப்பார்கள்?

இந்த நிலையம் எழும்பிய அதே 1907-இல்தான் 'தமிழர் குடியேற்ற நிதி' ஏற்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவரும் செலவை அதிலிருந்து கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்குக் கடலில் வந்து சேர்ந்தார்கள். புலாவ் ஜெரெஜாக்கில் தனிமை முகாம் இருந்தது. அதைக் கடந்து பேராக், சிலாங்கூர் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இரயில் ஏறும் இடம் பிறை. கூலிக்கு வந்தவர் அந்த மாளிகைக் கூடத்தில் நின்று தம் கையால் டிக்கெட் வாங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அது துரைமார்களுக்கும் தௌக்கேகளுக்கும் கட்டிய கூடம். ஆனால் அக்கரைத் தண்டவாளத்தில் ஜல்லி கொட்டியதும், கட்டை மாற்றியதும் பெரும்பாலும் தமிழர் கைகள். நிலைய அதிபராகவும் குமாஸ்தாவாகவும் அமர்ந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் ஏராளம்.

1918-இல் பாடாங் பெசாரில் சயாம் இரயிலோடு பாதை இணைந்தது. வணிகத்திற்குப் பெரிய வரவு. அதே வடக்குப் பாதை வழியாகத்தான் 1942, 1943-இல் ஜப்பானிய இராணுவம் நம் தோட்டத்து மக்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனது. பலர் திரும்பவில்லை. பினாங்கு இரயில் கதையைப் பேசும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1967-இல் பிறை ஆற்றுக்கு மேலே பாலம் அமைந்து, தண்டவாளம் பட்டர்வொர்த்துக்கு வந்தது. புதிய நிலையம் ஃபெரித் துறைக்குப் பக்கத்திலேயே அமைந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடைசி நிலையமாக இருந்த பிறை ஓசையில்லாமல் ஓரங்கட்டப்பட்டது. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்ததும் கார் வைத்திருப்பவர்கள் இரயிலையும் ஃபெரியையும் மறக்க ஆரம்பித்தார்கள். தண்டவாளமில்லா நிலையமும் கைமாறிச் சுங்கத் துறைக்குப் போனது.

தீவில் இரயிலே இல்லை என்று சொன்னால் 1923-இல் ஓடத் தொடங்கிய பினாங்குக் கொடிமலை இரயில் கோபித்துக்கொள்ளும். ஆனால் அது மலைக்கு மேலே போகுமே தவிர, ஈப்போவுக்குப் போகாது!

ஒரு கட்டடம் தப்பிப் பிழைத்தால் போதுமா? பேராக்கில் கோலா செபெத்தாங்குக்குப் போய்ப் பாருங்கள். பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885-இல் நாட்டின் முதல் இரயில் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. நிலையமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயர்ப்பலகையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது. பினாங்கில் மாளிகையே இருக்கிறது. ஆனால் இது ஒரு காலத்தில் இரயில் நிலையம் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2025 ஜனவரியில் பினாங்கு எல்.ஆர்.டி. திட்டத்திற்குத் தொடக்க விழா நடந்தது. அதன் பாதை கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலைத் தீவோடு இணைக்க வேண்டும் என்பது திட்டம். அந்த வேலை முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபெரியில் வாருங்கள். இறங்கியதும் வலப்பக்கம். கடிகார கோபுரம் உங்களுக்கே வழிகாட்டும்.