'10 வருஷ விசா இருக்கே!' - பார்ட்னரைப் பார்க்க அடிக்கடி பிரிட்டன் போகலாமா? விதிகள் சொல்வது என்ன?

"விசாதான் பத்து வருஷத்துக்குக் கொடுத்துட்டாங்களே, இனிமே எப்ப வேணும்னாலும் போயிட்டு வரலாம்ல?"

பிரிட்டனில் இருக்கும் காதலரையோ, நிச்சயம் செய்த மாப்பிள்ளையையோ, அங்கேயே பிறந்து வளர்ந்த மனைவியையோ பார்க்க விசிட்டர் விசா வாங்கியவர்கள் வீட்டில் தவறாமல் வரும் கேள்வி இது. விசாவில் இருக்கும் தேதியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால், அந்தத் தேதி சொல்வது ஒன்று. ஹீத்ரூ ஏர்போர்ட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்ப்பது வேறொன்று. செல்லுபடியாகும் விசாவோடு போய் இறங்கியவரையும் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பிரிட்டனுக்குச் சுற்றிப்பார்க்கவோ, உறவினர்களைப் பார்க்கவோ போக 'ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா' எடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் நிலவரப்படி ஆறு மாத விசாவுக்கு 127 பவுண்டு, 2 வருடத்துக்கு 475, 5 வருடத்துக்கு 848, 10 வருடத்துக்கு 1,059 பவுண்டு. எந்த விசா எடுத்தாலும் ஒருமுறை போனால் அதிகபட்சம் ஆறு மாதம்தான் தங்கலாம். 10 வருடம் என்பது, அத்தனை வருடங்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் 'வந்து கேட்கலாம்' என்பதற்கான அனுமதி மட்டுமே.

இன்னொரு விஷயம், 10 வருட விசாவுக்குப் பணம் கட்டினால் 10 வருடம்தான் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதைவிடக் குறைந்த காலத்துக்கு விசா கொடுக்கலாம். மீதிப் பணம் திரும்பி வராது. முதல்முறை போகிறவர்கள் ஆறு மாத விசாவில் தொடங்கி, சொன்ன தேதியில் திரும்பி வந்து, அந்தப் பயண வரலாற்றோடு அடுத்த விசாவுக்குப் போவது பர்ஸுக்கும் நல்லது, ஃபைலுக்கும் நல்லது.

'வருஷத்துக்கு 180 நாள்' என்ற கணக்கு

பிரிட்டன் விசா பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழுவது, '12 மாசத்துல 180 நாள் தாண்டக் கூடாது, அதுக்குள்ள இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க' என்பது. சொல்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால், பிரிட்டன் விதியில் அப்படி ஒரு எண்ணிக்கையே கிடையாது. ஒரு விசிட்டுக்கு ஆறு மாதம் என்பதுதான் எண்ணில் எழுதப்பட்ட வரம்பு.

அப்படியென்றால் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஒரு வாரம் ஊருக்கு வந்து, மறுபடி ஆறு மாதம் போய்விடலாமா? அங்கேதான் பிடி இருக்கிறது. குடியேற்ற விதிகளில் விசிட்டர்களுக்கான பகுதியான 'அப்பெண்டிக்ஸ் வி', வருகிறவர் உண்மையான விசிட்டராக இருக்க வேண்டும் என்கிறது. அடிக்கடியோ, அடுத்தடுத்தோ வந்து அந்த நாட்டிலேயே நீண்ட காலம் வாழ்கிறவராகவோ, பிரிட்டனையே தன் முதன்மையான வீடாக ஆக்கிக்கொள்கிறவராகவோ அவர் இருக்கக் கூடாது. நாள் கணக்கு போட்டுத் தப்பிக்க முடியாத விதி இது. 'இவர் வந்து போகிறாரா, வாழ்ந்துகொண்டிருக்கிறாரா?' என்பதுதான் கேள்வி. பதிலைத் தீர்மானிப்பவர் அதிகாரி.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். கோவையில் வேலை பார்க்கும் ஒரு பெண், லெஸ்டரில் இருக்கும் காதலரைப் பார்க்க வருடத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் போகிறார். ஆபீஸில் லீவு எடுத்துப் போய், லீவு முடிந்ததும் திரும்புகிறார். இதில் யாருக்கும் சந்தேகம் வர வாய்ப்பு குறைவு. இன்னொரு பெண் வேலையை விட்டுவிட்டு ஜனவரியில் போகிறார். ஐந்தரை மாதம் இருக்கிறார். சென்னைக்கு வந்து மூன்று வாரத்தில் மறுபடி ஃபிளைட் ஏறுகிறார். ஒருமுறைகூட ஆறு மாதத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் இரண்டாவது முறை கவுன்ட்டரில் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்: "வேலை எங்கே? ஊரில் யார் இருக்கிறார்கள்? இவ்வளவு சீக்கிரம் ஏன் திரும்பி வந்தீர்கள்?"

கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை வந்தார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் தங்கினார், கடைசியாகக் கிளம்பி எத்தனை நாள் ஆகிறது, சொந்த நாட்டில் அவரைத் திரும்ப இழுக்கும் வேலை, குடும்பம், வீடு என்ன என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அதிகாரிகள் முடிவெடுக்கிறார்கள். ஊரில் இருந்த நாட்களைவிட பிரிட்டனில் இருந்த நாட்கள் அதிகமாகத் தெரிய ஆரம்பித்தால், அது ஆபத்தான கோடு. மகளின் பிரசவத்துக்குப் போய் வரும் அம்மாக்களுக்கும் இதே விதிதான்.

பாரிஸிலோ, ஜெர்மனியிலோ பார்ட்னர் இருந்தால் கதை வேறு. ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாட்கள்தான் இருக்கலாம். இன்றைய தேதியிலிருந்து பின்னோக்கி 180 நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கறாரான கணக்கு, ஆனால், எங்கே நிற்கிறோம் என்று நமக்கே தெரிந்துவிடும். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு சலுகையும் வந்தது. இந்தியாவில் வசிக்கும் இந்தியர்கள், முந்தைய மூன்று வருடங்களில் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரி விசாவும், அதன்பிறகு ஐந்து வருட விசாவும் பெற வழியிருக்கிறது.

காதலரை மறைக்கலாமா?

விசா ஃபார்மில் பலரும் தடுமாறும் இடம் இது. வீட்டுக்கு இன்னும் தெரியாது என்பதால் சிலர் மறைக்கிறார்கள். "பாய் ஃபிரெண்டுனு போட்டா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க, 'டூரிஸ்ட்'னு போடுங்க" என்று சொல்லிக்கொடுக்கும் ஏஜென்ட்களும் உண்டு. இதைவிட மோசமான ஆலோசனை இருக்க முடியாது.

பிரிட்டனில் காதலரோ, கணவரோ இருப்பது விசாவை மறுப்பதற்கான காரணம் அல்ல. நண்பர்களையும் குடும்பத்தையும் பார்ப்பது விசிட்டர் விசாவில் அனுமதிக்கப்பட்ட காரணமேதான். ஆனால், பொய் சொன்னது தெரிந்தால் அது ஏமாற்று. விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவு செய்யப்பட்டால் 10 வருடங்கள் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். நாளைக்குத் திருமணமாகி ஸ்பவுஸ் விசாவுக்குப் போகும்போது, 'உங்களுக்குள் எப்போதிலிருந்து பழக்கம்?' என்ற கேள்விக்கு எழுதும் பதிலும், பழைய ஃபார்மில் 'ஹோட்டலில் தங்குகிறேன்' என்று எழுதியதும் ஒரே ஃபைலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஏர்போர்ட்டில் பெட்டியைச் சோதிக்கவும் அதிகாரம் உண்டு. மூன்று வார டூரிஸ்ட்டின் பெட்டியில் கல்விச் சான்றிதழ்களும் பயோடேட்டாவும் இருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

உள்ளதைச் சொல்லிவிட்டு, 'திரும்பி வருவேன்' என்பதைக் காட்டுவதுதான் வழி. லீவு அனுமதித்து வேலைக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று குறிப்பிடும் ஆபீஸ் கடிதம், சம்பளம் வரவாகும் பேங்க் ஸ்டேட்மென்ட், சொந்தத் தொழில் என்றால் அதன் கணக்கு, படிப்பவர் என்றால் கல்லூரிக் கடிதம். பயணச் செலவை பார்ட்னரே ஏற்பதையும் விதி அனுமதிக்கிறது. ஆனால், அவர் சட்டபூர்வமாக அங்கே இருப்பவராகவும், உண்மையான உறவுள்ளவராகவும், செலவைத் தாங்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென அக்கவுன்ட்டில் வந்து விழும் பெரிய தொகை உதவாது. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் கிளப்பும்.

அங்கே போய் என்ன செய்யக் கூடாது?

முக்கியமானது கல்யாணம். சாதாரண விசிட்டர் விசாவில் போய் அங்கே திருமணப் பதிவு செய்யக் கூடாது. அதற்கான நோட்டீஸ்கூடக் கொடுக்கக் கூடாது. அங்கே திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்புவதாக இருந்தால் 'மேரேஜ் விசிட்டர் விசா' தனியாக எடுக்க வேண்டும். திருமணம் செய்துகொண்டு அங்கேயே தங்குவது என்றால் 'ஃபியான்சே விசா'. இதைக் குழப்பிக்கொண்டால் சிக்கல்தான். ஏனென்றால், விசிட்டராகவோ மேரேஜ் விசிட்டராகவோ போனவர் அங்கிருந்தபடியே பார்ட்னர் விசாவுக்கு மாற விதியில் இடமில்லை. ஊருக்குத் திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

பிரிட்டன் கம்பெனியில் வேலை பார்க்கக் கூடாது. ஆனால், லேப்டாப்பைத் திறந்தாலே குற்றம் என்று பயப்படவும் தேவையில்லை. 2024 ஜனவரி 31 முதல், சொந்த நாட்டு வேலையை விசிட்டர்கள் ரிமோட்டாகச் செய்ய அனுமதி உண்டு. வந்த நோக்கமே வேலையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதேசமயம், 'வொர்க் ஃப்ரம் ஹோம்தானே' என்று நான்கைந்து மாதங்கள் தங்கினால், மறுபடியும் அந்தப் பழைய கேள்வி வரும்.

ஒன்றை மறக்க வேண்டாம். விசிட்டர்களுக்கு அங்கே அரசு ஆஸ்பத்திரி சிகிச்சை பெரும்பாலும் இலவசமில்லை. இங்கிலாந்தில் வழக்கமான கட்டணத்தைப்போல ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள். டிராவல் இன்ஷூரன்ஸ் இல்லாமல் கிளம்பக் கூடாது.

ஏன் இப்படி வந்து வந்து போகிறார்கள்?

பேசாமல் ஸ்பவுஸ் விசா எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கான விலைதான் பிரச்னை. பிரிட்டனில் இருக்கும் பார்ட்னரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11-க்கு முன்பு அது 18,600 பவுண்டாக இருந்தது. ஒரே தாவலில் 10,400 பவுண்டு ஏறியது. வருமானம் இல்லையென்றால் சேமிப்பைக் காட்டலாம். அதற்கு 88,500 பவுண்டு வேண்டும். இங்கிருந்து போகிறவர் சென்னையில் எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. 2025 ஏப்ரல் நிலவரப்படி விசா கட்டணம் 1,938 பவுண்டு, 33 மாதங்களுக்கான ஹெல்த் சர்சார்ஜ் 3,105 பவுண்டு. கடையிலோ, முதியோர் இல்லத்திலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்த வருமானக் கோட்டைத் தொடுவது எளிதல்ல. அதைத் தொடும்வரை விசிட்டர் விசாவில் வந்து பார்த்துப் போவதுதான் இவர்களின் குடும்ப வாழ்க்கை.

திருமணமாகாத ஜோடிகளும் பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடங்களாகத் திருமணத்துக்கு நிகரான உறவில் இருக்க வேண்டும். முன்பு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2024-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். விசிட்டராகப் போய் வந்த டிக்கெட்டுகள், போர்டிங் பாஸ்கள், சேர்ந்து எடுத்த போட்டோக்கள் எல்லாம் அப்போது ஆதாரங்களாகும். பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள் என்பதால், போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருப்பது இரட்டிப்பு லாபம்.

விசா மறுக்கப்பட்டால்? விசிட்டர் விசாவுக்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது. மறுப்புக் கடிதத்தில் சொல்லியிருக்கும் காரணத்துக்குப் பதிலைத் திரட்டிக்கொண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், மறுபடி பணம் கட்டி. அதே பேப்பர்களை அடுத்த வாரமே அனுப்பினால் அதே பதில்தான் வரும். அந்த மறுப்பை அடுத்தடுத்த விசா ஃபார்ம்களில் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு பிரிட்டன் விசிட்டர் விசா தேவையில்லை. 2025 ஜனவரி முதல் 'இ.டி.ஏ' என்ற ஆன்லைன் அனுமதி போதும். அது இரண்டு வருடம் செல்லும். ஆனால், விமானத்தில் ஏறத்தான் அந்த அனுமதி. 'இவர் இங்கேயே வாழ்கிறாரா?' என்ற கேள்வி கவுன்ட்டரில் அவர்களுக்கும் காத்திருக்கிறது.

பிரிட்டன் பார்ட்னரே இங்கு வந்து போவது இன்னொரு வழி. பிரிட்டன் குடிமக்களுக்கு இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசாவில் ஒருமுறைக்கு அதிகபட்சம் 180 நாட்கள் அனுமதி. திருமணம் பதிவாகி இரண்டு வருடங்கள் முழுதாக முடிந்துவிட்டால், இந்தியக் குடிமகனின் வெளிநாட்டுக் கணவனோ மனைவியோ ஓ.சி.ஐ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். கார்டு கைக்கு வந்துவிட்டால் இந்தியா வந்து போக அவருக்கு விசாவே தேவையில்லை.