உயர்கல்வி நிறுவனமும் பணிவாய்ப்பும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக விளங்குவது கல்வராயன் மலை. அம்மலை சேலம் மாவட்டத்திலும் பரவியுள்ளது. அங்குள்ள கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பயின்ற மாணவி ஒருவர், 2025ஆம் ஆண்டு நுழைவுத்தேர்வில் வென்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேரும் தகுதியைப் பெற்றார். இத்தகைய புகழ்பெற்ற நிறுவனத்தில் பயில்வதால் ஒருவருடைய பணிவாய்ப்பு எவ்வாறு மாறுகிறது?

அடையாளமும் அறிமுகமும்

வேலை தரும் நிறுவனத்தால் விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரின் திறனையும் முழுமையாக அளந்தறிய இயலாது. ஆகவே, கடினமான தேர்வை வென்று பயின்றவர் திறனுடையவராகவே இருப்பார் எனக் கருதி, கல்லூரியின் பெயரையே அது அடையாளமாகக் கொள்கிறது. கல்வித்தகுதி இவ்வாறு அடையாளமாகச் செயற்படுவதைப் பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கினார். மேலும், முன்னணி நிறுவனங்கள் வளாக நேர்காணலுக்காக அக்கல்லூரிகளைத் தேடி வருகின்றன. பல நாடுகளில் பணியாற்றும் மேனாள் மாணவர்களின் தொடர்பும் அங்குக் கிடைக்கிறது.

யாருக்குப் பயன் மிகுதி?

அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகியோர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒத்த திறனும் ஊக்கமும் உடைய மாணவர்களை ஒப்பிட்டபோது, புகழ்மிக்க கல்லூரியில் பயின்றோரின் வருவாய், சராசரியாகப் பிறரைவிடப் பெரிதும் மிகுந்திருக்கவில்லை. ஆனால், வறிய குடும்பத்து மாணவர்கள் அக்கல்லூரிகளால் மிகுந்த பயன் பெற்றனர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு உறவும் நட்பும் தரும் அறிமுகத்தை, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்லூரியே தரவேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். மலையூர் மாணவருக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும்.

வாயில்களும் வழிகளும்

இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்க அரசும் முயல்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு, மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. 2022இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம், பிற கல்லூரி மாணவர்களுக்கும் திறன் பயிற்சி அளிக்கிறது.

பெரிய நிறுவனத்தில் இடம் பெற்றவர், அங்குக் கிடைக்கும் தொடர்புகளைப் பயன்படுத்தத் தயங்கலாகாது. இடம் பெறாதவர், தம் திறனைக் குறைத்து எண்ணலாகாது. தொழிற்பயிற்சி, ஆசிரியர் வழிகாட்டல் ஆகியவற்றால் அவ்வறிமுகத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்த நுழைவுத்தேர்வு, எந்த உதவித்தொகை என்பதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே கேட்டறிவது அதற்கான முதற்படியாகும்.