துப்பாக்கி நிஜம், பையனுக்குத் தெரியாது

வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவரை “டேய், அதைக் கீழே வை!” என்று கத்தவைக்க ஹிட்ச்காக்குக்குப் பெரிய திரை தேவைப்படவில்லை. 1961-இல் தொலைக்காட்சிக்காக அவர் இயக்கிய அரைமணி நேரக் கதை ‘பேங்! யூ ஆர் டெட்’. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாமாவின் பெட்டியைக் குடைகிறான் ஒரு சிறுவன். உள்ளே கிடந்த ரிவால்வரைத் தனக்கு வாங்கிவந்த பொம்மை என்று நினைத்து எடுத்துக்கொள்கிறான். தோட்டாவும் போட்டுக்கொள்கிறான். எதிர்ப்பட்டவர்களை எல்லாம் குறிபார்க்கிறான். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே விளையாட்டுக்கு ஈடுகொடுக்கிறார்கள். விசையை இழுக்கிறான். வெறும் ‘க்ளிக்’. முடிவைச் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் பதற்றம் குறையாது.

இந்தப் பதற்றம் அவரவர் சுபாவம் என்றுதான் தோன்றும். ஆனால் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழுவினர் இதே படத்தை, மூளை இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டி, அவர்களுடைய மூளை இயக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். மூளைப் புறணியில் 65 சதவீதத்துக்கும் மேல் எல்லோருக்கும் ஒரே போக்கில் ஏறி இறங்கியது. செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’க்கு 45 சதவீதம். ஒரு நகைச்சுவைத் தொடருக்கு 18. பூங்காவில் கேமராவை நிறுத்திவைத்து வெட்டாமல் எடுத்த காட்சிக்கு 5-கூட இல்லை. 2008-இல் வெளியான கணக்கு இது. எண் கூடினால் படம் உயர்ந்தது என்று அர்த்தமில்லை. இயக்குநரின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதே அதில் தெரிகிறது.

கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் லோரினா நாச்சி, ஏட்ரியன் ஓவன் ஆகியோர் இதே கதையை 8 நிமிடமாகச் சுருக்கிக் கையில் எடுத்தார்கள். முதலில் நலமாக இருப்பவர்களுக்குக் காட்டினார்கள். கதை இறுகும் கணங்களில், அடுத்தது என்ன என்று கணக்குப் போடும் மூளையின் முன்பகுதிகளும் உச்சிப் பகுதிகளும் சேர்ந்து விழித்துக்கொண்டன. பிறகு, 16 ஆண்டுகளாக எந்தச் சொல்லுக்கும் அசைவு காட்டாத 34 வயது நோயாளிக்குக் காட்டினார்கள். அவர் மூளையிலும் அதே இடங்கள், அதே கணங்களில்.

சத்தமும் வெளிச்சமும் மட்டும் எட்டியிருந்தால் செவிக்கும் பார்வைக்குமான பகுதிகளோடு மூளையின் இயக்கம் நின்றிருக்கும். துப்பாக்கி நிஜம், பையனுக்கு அது தெரியாது: இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருந்தால்தான் இந்தக் கதையில் பதற முடியும். விரலைத் தூக்கச் சொன்னால் தூக்காத அந்த மனிதர், கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். 2014-இல் இந்த முடிவு வெளியானது.