மலைச்செடியும் மருந்துப்பொடியும் – 6: கீழாநெல்லியைப் புரட்டிப் பாருங்கள்

கல்வராயன் மலையில் பறிக்கப்படும் ஒரு மூலிகை, கள்ளக்குறிச்சி நாட்டு மருந்துக்கடைக்கு வந்து சேர்வதற்குள் தன் அடையாளத்தைத் தொலைத்துவிடுகிறது. பறிக்கும்போது இலையும் பூவும் காயுமாக இருந்த செடி, காய்ந்து சருகாகிப் பொடியான பிறகு பெயரை மட்டுமே சுமந்து நிற்கிறது. அந்தப் பெயர் சரிதானா என்று கடைக்காரராலும் கண்ணால் சொல்ல முடியாது, வாங்குபவராலும் சொல்ல முடியாது. அதனால் அசலையும் போலியையும் பிரிக்க வேண்டிய இடம் கடையல்ல, பறிக்கும் நிலம்தான் என்கிறேன். அதற்குக் கீழாநெல்லியே போதிய சான்று.

மழைக்குப் பின் வரப்பிலும் தரிசிலும் முளைக்கும் இந்தச் செடிக்கு ஒரே சாயலில் பல உறவுகள் உண்டு. இணுக்கைப் புரட்டி, இலைக்கு அடியில் தொங்கும் காயைப் பாருங்கள். சிறு காம்பில் தொங்கும் வழவழப்பான காயை 5 புல்லிதழ்கள் தாங்கியிருந்தால் அது மருத்துவத்தில் பேசப்படும் பில்லாந்தஸ் அமாரஸ். 6 இதழ்கள் இருந்தால் பிரட்டெர்னஸ் அல்லது டெபிலிஸ். காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, தோல் சொரசொரப்பாக, தண்டு செந்நிறமாக இருந்தால் யூரினேரியா. இலை ஆப்பு வடிவில் நுனி அகன்றிருந்தால் மேலாநெல்லி. தாவரவியலாளர்களுக்கே இதில் குழப்பம் இருந்தது. இந்தியத் தாவர நூல்கள் 'நிரூரி' என்ற ஒரே பெயரில் அமாரஸ், பிரட்டெர்னஸ், டெபிலிஸ் என மூன்று இனங்களைச் சேர்த்து எழுதிவந்ததை மித்ராவும் ஜெயினும் 1985-இல் பிரித்துக் காட்டினார்கள். இந்த வேறுபாடுகள் எல்லாம் காயிலும் இதழிலும் இலையிலும் இருக்கின்றன. பொடியில் அவை கண்ணுக்குத் தெரியாது.

எல்லாம் ஒரே குடும்பம், எதைக் குடித்தால் என்ன என்று கேட்கலாம். சென்னையில் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த புளூம்பெர்க்குடன் சேர்ந்து செய்த ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. அமாரஸ் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்தது. வெற்றுமருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. பின்னர் நடந்த பல ஆய்வுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்று விவாதிக்க வேண்டுமானாலும், கொடுத்தது எந்தச் செடி என்பது முதலில் உறுதியாக வேண்டும். செடி தவறினால் பலன் மட்டுமல்ல, உயிரும் போகலாம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. பெயர் ஒத்திருந்ததால், ஒரு மூலிகையின் இடத்தில் அரிஸ்டோலோகியா இனச் செடி வந்துவிட்டதே காரணம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான்.

காட்டையே அறிந்த, கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் செடி தெரியாதா என்பது நியாயமான மறுப்பு. அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தென்னிந்திய மூலிகைக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லி மாதிரிகளைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில், 76 சதவீதக் கடைகளின் சரக்கு அமாரஸ்தான். மீதி 24 சதவீதத்தில் வேறு 5 இனங்கள் இருந்தன. முக்கால் பங்கு சரியாக இருப்பது பறிப்பவரின் அறிவைக் காட்டுகிறது. ஆனால் எடைக்கு மட்டும் காசு கொடுத்தால், அருகில் முளைத்த வேற்றுச் செடியை ஒதுக்கும் உழைப்புக்குக் கூலி கிடையாது. அந்த ஆய்வைப் போல மரபணுச் சோதனை செய்தால் பொடியையும் கண்டுபிடித்துவிடலாமே என்றால், செய்யலாம். ஆனால் ஒவ்வொரு சிறு கடையின் ஒவ்வொரு மூட்டைக்கும் அது கட்டுப்படியாகாது. கலந்தபின் கண்டுபிடித்தாலும் மூட்டையைக் கொட்டத்தான் வேண்டும்.

வெள்ளிமலையிலோ கருமந்துறையிலோ சரக்கு எடுப்பவர்கள் காயோடு கூடிய முழுச்செடியாகவே வாங்க வேண்டும். ஒவ்வொரு கொள்முதலிலும் ஒரு செடியைத் தாளில் அழுத்திக் காயவைத்து, பறித்த இடமும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். இனம் பிரித்துக் கொண்டுவருபவருக்குக் கூடுதல் விலை தர வேண்டும். இதற்குத் தேவையானவை கண்ணும் தாளும் நியாயமான கூலியும்தான். பறிப்பவரின் அறிவுக்கு விலை கொடுக்க மறுக்கும் வணிகம், நோயாளியிடம் மருந்தென்று சொல்லி எதையும் விற்க உரிமை பெறாது.

(தொடரும்)