பறவை எண்ணும் பிள்ளைகள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.

நீர்ப்பறவை என்றால் என்ன என்று கேட்டால், பையன் பாடத்தில் உள்ளதை மடமடவென்று ஒப்பிப்பான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கி விடுவான். ஆனால், ஊர்க் குளத்தில் நிற்கும் பறவையைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால், "கொக்கு" என்பான். நீண்ட கால் உள்ளது எல்லாம் அவனுக்குக் கொக்குதான்!

இந்தக் குறை தீர நெல்லைச் சீமையில் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள்.

ஜனவரி மாதத்தில்...

தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கு ஜனவரி மாதத்தில் பலர் கூட்டமாகப் போகிறார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், பறவைகளில் ஆர்வம் உள்ள பொதுமக்கள் எல்லோரும் அதில் உண்டு. கையில் பைனாகுலர், நோட்டு, பென்சில். மீன் பிடிக்க அல்ல, பறவைகளை எண்ண!

இந்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-ம் ஆண்டு தொடங்கியது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இதை முன்னின்று நடத்துகிறது.

ஜனவரியில் ஏன்? வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. ஆற்றில் உள்ள 8 அணைக்கட்டுகளில் இருந்து கால்வாய் வழியாகவும் குளங்களுக்குத் தண்ணீர் வருகிறது. குளம் நிறைந்தால் மீனும் புழுவும் பெருகும். வடக்கே கடுங்குளிர் வாட்டும் காலமும் அதுதான். அங்கிருந்து பறவைகள் இரை தேடி இங்கே வந்து விடுகின்றன.

மழை, அணை, கால்வாய், குளம், மீன், பறவை. புத்தகத்தில் ஆறு பாடமாக இருப்பது, குளக்கரையில் ஒரே பாடம் ஆகி விடுகிறது.

எப்படி எண்ணுவது?

தண்ணீரில் 1,000 வாத்துகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பதற்குள் பாதி பறந்து விடும். என்ன செய்வது?

முதலில் 10 பறவைகளை எண்ண வேண்டும். அவை எவ்வளவு இடத்தை அடைத்து நிற்கின்றன என்று கண்ணால் அளந்து கொள்ள வேண்டும். அதே அளவில் கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாகப் பிரித்தால் கணக்கு வந்து விடும். கணக்கு என்றாலே ஓடும் பையன்கூட இந்தக் கணக்கை ஆசையோடு போடுவான்.

தமிழ்ப் பாடமும் உண்டு. வளைந்த அலகு உள்ளது அரிவாள் மூக்கன். அகப்பை போன்ற அலகு உள்ளது கரண்டிவாயன். பாம்பு போலக் கழுத்தை நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. மூழ்கி மூழ்கி எழுவது முக்குளிப்பான். பேரைச் சொன்னாலே உருவம் கண்முன் நிற்கிறது அல்லவா? ஒரு தடவை நேரில் பார்த்த பிள்ளை பிறகு மறப்பதே இல்லை.

இமயமலை தாண்டி வரும் விருந்தாளி

நாங்குநேரி பக்கத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-ம் ஆண்டு இது பறவைகள் சரணாலயம் ஆனது. இங்கே வரித்தலை வாத்து வருகிறது. திபெத், மங்கோலியா பக்கம் குஞ்சு பொரிக்கும் பறவை இது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது!

கூந்தன்குளம் மக்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பது இல்லை. கூட்டில் இருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துக் காப்பாற்றுவதும் உண்டு. இந்த நல்ல குணத்தை அந்த ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே கற்றுக் கொள்கிறார்கள்.

3,200 ஆண்டு நெல்

பறவை மட்டும்தானா? சரித்திரமும் ஆற்றங்கரையில் காத்திருக்கிறது.

நெல்லையில் இருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் உள்ளது ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரப்புள்ள பழங்கால இடுகாடு அது. அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேயர் 1899-ல் இருந்து 1905 வரை அங்கே தோண்டினார். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், தங்க நெற்றிப் பட்டங்கள் கிடைத்தன.

அதன் அருகே சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் உமி கிடைத்தது. சோதித்துப் பார்த்ததில் அதன் வயது சுமார் 3,200 ஆண்டு என்று 2021-ல் அறிவித்தார்கள். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிடும் பிள்ளைக்கு இதைவிடச் சரித்திரப் பாடம் வேறு வேண்டுமா?

மார்க் குறையுமா?

"வெளியே சுற்றினால் படிப்புக் கெடுமே" என்று பெற்றோர் கவலைப்படலாம். அந்தக் கவலை வேண்டாம். வகுப்பும் வேண்டும், வாத்தியாரும் வேண்டும். ஆனால், கண்ணால் கண்டதைப் புத்தகத்தில் மறுபடி படிக்கும்போது பாடம் சுலபமாகப் புரிகிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆண்டுதோறும் எண்ணினால்தான் பறவை கூடுகிறதா, குறைகிறதா என்பது தெரியும். குளத்தில் குப்பை கொட்டினாலும், ஆகாயத்தாமரை மூடினாலும், ஆக்கிரமிப்பு வந்தாலும் அந்தக் கணக்கு காட்டிக் கொடுத்து விடும். பேர் தெரியாத பறவை போய்விட்டால் யாருக்கும் தெரியாது. பேர் தெரிந்த பறவை வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று பிள்ளை கேட்கும்! அந்தக் கேள்விதான் குளத்துக்குக் காவல்.

செலவு இல்லாத பள்ளிக்கூடம்

இதற்குப் பணம் தேவை இல்லை. விடுமுறை நாளில் காலை 6 மணிக்குப் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துப் போங்கள். கண்ட பறவையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கக் கூடாது. கல் எறியக் கூடாது. கூட்டைத் தொடக் கூடாது.

திரும்பி வந்ததும் அந்த நோட்டைத் தாத்தா, பாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள். "உங்கள் காலத்தில் இந்தக் குளத்துக்கு வேறு என்ன பறவை வந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அப்போது கிடைக்கும்.