வொர்க்‌ஷாப்பில் மட்டும் நிற்காத வண்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாத மதியம். திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். மேல்மருவத்தூர் தாண்டியதும் காரின் எஞ்சின் அணைந்துவிட்டது. இருமலில்லை, குலுக்கலில்லை, விளக்கை அணைத்ததுபோல நின்றது. பின் இருக்கையில் எண்பது வயது அம்மா, பின்னால் வரிசையாக லாரிகள். எப்படியோ ஓரங்கட்டினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது.

அந்தக் கோடையில் நான்கு முறை இப்படி நின்றது. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மூன்று முறையும் ஒரே பதில்: “நாங்க ஓட்டிப் பார்த்தோம் சார், நிக்கலையே.” முதல் முறை பேட்டரியை மாற்றினார்கள். அடுத்த முறை ஸ்பார்க் பிளக். மூன்றாவது முறை ஃப்யூயல் பம்ப். பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

நினைத்தபோது வந்து நினைத்தபோது மறையும் கோளாறுக்கு ஒரே சாட்சி, அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான். அவர் பார்த்ததை எழுதி வைக்காவிட்டால் மெக்கானிக் ஊகத்தில் பாகம் மாற்றுவார். நாளை நுகர்வோர் ஆணையத்தில் போய் நின்றாலும் கையில் ஒன்றும் இருக்காது. வண்டி ஓட்டும் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த நாற்பது நிமிடங்கள்.

முதலில் உயிர். எஞ்சின் அணைந்த நொடியில் பிரேக் போய்விடுவதில்லை. பிரேக்குக்குத் துணைபுரியும் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குப் போதுமான வெற்றிட அழுத்தம் மிச்சமிருக்கும். பயத்தில் படபடவென்று மிதித்தால் அதுவும் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை முழுவதுமாகத் திருப்பி வெளியே எடுத்துவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு விளக்கைப் போட்டு, இருக்கும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களை இடப்பக்கமாக இறக்கி, சாலைத் தடுப்புக்கு வெளியே நிற்க வையுங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று போனில் பேசுவதுதான் மிக ஆபத்தானது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டால் வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் ஆட்கள் இறங்கி விலக வேண்டும்.

ஓரங்கட்டிய பிறகு வரும் ஐந்து நிமிடங்கள்தான் பொன்னானவை. கோளாறு கண்ணெதிரே இருப்பது அப்போது மட்டுமே. செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரி, அதன் முனைகள், எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று தேடல் ஒரு பக்கம் போகும். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு வழி. பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை, அல்லது இரண்டுக்கும் உத்தரவு கொடுக்கும் கணினிக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியவில்லை.

பெட்ரோல் வண்டியில் பம்பைச் சோதிக்கக் காது போதும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி ஃபேனை அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால், பெரும்பாலான கார்களில் பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு வினாடி ஒரு முனகல் கேட்கும். டேங்கிலுள்ள பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. அந்தச் சத்தம் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் மூன்றிலும் சந்தேகம் விழும். சத்தம் கேட்டாலும் அழுத்தம் போதுமா என்பது கேஜ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்து ஆர்.பி.எம். முள். செல்ஃப் சுற்றும்போது பல வண்டிகளில் அது லேசாகத் துள்ளும். செத்ததுபோல் கிடந்தால், எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் பக்கம் பார்க்கச் சொல்லலாம். சாவி வடிவ விளக்கு சிமிட்டுகிறதா என்றும் பாருங்கள். திருட்டுத் தடுப்பு அமைப்பு சாவியை அடையாளம் காணாவிட்டாலும் எஞ்சின் பிடிக்காது. பெட்ரோல் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று பலமாகக் காற்று உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால், டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கலாம்.

இவற்றோடு மணி, வெப்பமானி முள் இருந்த இடம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், கடைசியாக எந்த பங்க்கில் எப்போது போட்டது, எத்தனை நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆனது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் செல்ஃப் சுற்றும்போது டேஷ்போர்டைப் போனில் படம் பிடியுங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். ஸ்டார்ட்டரும் பேட்டரியும் சேர்ந்து போய்விடும்.

எத்தனை நிமிடம் என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? வெப்பம்தான் காரணம். பல கிராங்க் சென்சார்களுக்குள் இருக்கும் சுருள் கம்பி மிக மெல்லியது. அதில் ஒரு விரிசல் இருந்தால், எஞ்சின் சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ரிலேக்குள் விரிசல் விட்ட சால்டரிங்கும் இப்படியேதான். சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறியிருக்கும். அவர்கள் சுற்றிவரும் நான்கு கிலோமீட்டரில் அந்தச் சூடு ஏறாது. அதனால்தான் “நிக்கலையே சார்.” அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையோடு நாம் திரும்பி வந்துவிடுவது தவறு.

மழைக்காலத்துக்கு வேறு விதி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தேங்கிய வெள்ளத்தில் நின்ற வண்டிகளில், திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தே எஞ்சினைக் கெடுத்தவர்கள் பலர். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் தொடாமல் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். சாதாரண காப்பீட்டில் இப்படி உண்டாகும் எஞ்சின் சேதத்தை நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். அதற்கென்று தனியாக எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இருக்கிறது. மழையோ வெயிலோ, பெட்ரோல் போட்ட கையோடு வண்டி நின்றால் பங்க்குக்கே திரும்பிப் போகலாம். ஃபில்டர் பேப்பர் சோதனையையும் 5 லிட்டர் அளவுச் சோதனையையும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

இனி சர்வீஸ் சென்டர். முதல் வேண்டுகோள், ஸ்கேனரில் பதிவான கோளாறுக் குறியீடுகளை அழிக்கும் முன் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்வது. குறியீடு பதிவான கணத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேகம் என்பதையும் கணினி சேர்த்துச் சேமித்திருக்கும். அழித்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று. அதற்கு முன்பே பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் அது போய்விடும். குறியீடு எதுவும் இல்லையென்றால் கோளாறே இல்லை என்று பொருளில்லை. பம்ப் பலவீனமாவதைப் பல கார்களின் கணினி கண்டுகொள்ளாது. இரண்டாவது, ஜாப் கார்டு. ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். ‘ஓடும்போது எஞ்சின் அணைகிறது, 40 நிமிடம் ஸ்டார்ட் ஆவதில்லை, இது மூன்றாவது முறை’ என்று நம் வாயால் சொன்னபடி எழுதச் சொல்லிப் பிரதி வாங்க வேண்டும். கோளாறு கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

காசு கொடுத்துப் பாகம் மாற்றும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்திருக்கக் கூடும். 2020 ஜூலையில் மாருதி சுசுகி ஃப்யூயல் பம்புக்காக 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் அதே மாடல்களில் மேலும் சுமார் 16,000. 2024 அக்டோபரில் ஹோண்டா கார்ஸ் இந்தியா 90,000-க்கு மேற்பட்ட பழைய கார்களை அழைத்தபோது சொன்ன காரணம், பம்பினுள் சுழலும் இம்பெல்லர் பழுதானால் எஞ்சின் நின்றுபோகலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பது. நாம் பேசும் அதே நோய். இந்த மாற்றத்துக்குக் கட்டணமில்லை. வாரண்டி முடிந்திருந்தாலும், நீங்கள் இரண்டாவது உரிமையாளரானாலும் கேட்கலாம். அழைப்பு வண்டிக்கு, முதலில் வாங்கியவருக்கு அல்ல. ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய கார் வாங்குபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

நம் புகார் ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்வேன். ஜெனரல் மோட்டார்ஸ் சில கார்களில் வைத்த சாவி ஸ்விட்ச் தளர்வானது. கனமான சாவிக்கொத்தோ, முழங்கால் இடியோ போதும். ஓடும்போதே தானாகத் திரும்பி எஞ்சின் அணையும், ஏர்பேகும் செயலிழக்கும். வண்டி தானாக அணைகிறது என்ற புகார்கள் பல ஆண்டுகள் வந்தும் அதை வெறும் அசௌகரியமாகவே கருதினார்கள். 2006-இல் அந்த ஸ்விட்ச்சைத் திருத்தியபோது பாகத்தின் எண்ணை மாற்றாமல் விட்டதால், பின்னால் விசாரித்தவர்களுக்குப் பழையது எது, புதியது எது என்று தெரியவில்லை. 2014-இல்தான் உலகெங்கும் சுமார் 26 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. எஞ்சின் அணைவதை யாராவது ‘சின்ன விஷயம்’ என்றால் எனக்கு அந்த எண்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழுதுள்ள மாடலைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே ஆணையிட இது வழிசெய்கிறது. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியின் உரிமையாளர் வாகன் தளத்தில் புகார் பதியலாம். ஒரே மாடலுக்கு எத்தனை புகார்கள் சேர்கின்றன என்பதே இதில் கணக்கு. நம் புகாரும் அதில் ஒன்று.

சொந்த நஷ்டத்துக்கு வழி நுகர்வோர் ஆணையம். முதலில் தயாரிப்பாளருக்கும் டீலருக்கும் மின்னஞ்சலில் எல்லாத் தேதிகளையும் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணமில்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘இன்னும் ஒருமுறை பார்க்கிறோம்’ என்ற பேச்சில் இந்தக் காலம் கரைந்துவிடும், கவனம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வாடகைக் கார்க்காரரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். புதுக் காரே வேண்டும் என்று பலர் ஆரம்பிக்கிறார்கள். மாருதி உத்யோக் வழக்கொன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதே வாரண்டியின் கடமை என்ற நிலையை எடுத்தது. உற்பத்திக் கோளாறு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை தேவைப்படும். அதற்காக வண்டியைச் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த நிபுணர் ஓட்டிப் பார்க்கும் நாளிலும் வண்டி நிற்காமல் ஓடலாம். அப்போது தேதி, மணி, நிமிடத்தோடு நீங்கள் வைத்திருக்கும் நோட்டும், மூன்று ஜாப் கார்டுகளும், போனில் எடுத்த படமும்தான் பேசும்.

என் வண்டி நான்காவது முறை நின்றது அச்சிறுபாக்கம் அருகில். பக்கத்துச் சின்னக் கடையிலிருந்து வந்த மெக்கானிக் என் நோட்டை வாங்கிப் படித்தார். “எப்பவும் மதியம்தான். எப்பவும் ஒரு மணி நேரம் ஓடின பிறகுதான். முள்ளும் துள்ளலைன்னு எழுதியிருக்கீங்களே, சார்” என்றார். ஈரத்துணியைக் கிராங்க் சென்சாரின் மேல் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தார். ஸ்டார்ட் ஆனது. புது சென்சார் போட்ட பிறகு இன்றுவரை நிற்கவில்லை. கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய பம்பை அவரிடமே கேஜ் வைத்துச் சோதித்தேன். அழுத்தம் சரியாக இருந்தது. அந்த அளவையும் ஜாப் கார்டுகளையும் இணைத்து சர்வீஸ் சென்டருக்குக் கடிதம் எழுதினேன். பம்புக்கு வாங்கிய தொகை பன்னிரண்டாம் நாள் வங்கிக் கணக்கில் திரும்பியது. பேட்டரிக்கும் பிளக்குக்கும் நான் கேட்கவில்லை; அவை உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தன.