கார்களில் ஒயரிங் கோளாறும் திரும்ப அழைத்தலும்

விற்பனையான ஒரு வாகனத்தில் தயாரிப்பிலேயே குறை இருந்து, அதனால் ஆபத்து நேரலாம் என்று தெரியவரும்போது, உற்பத்தியாளரே அவ்வாகனங்களை வரவழைத்துக் கட்டணமின்றிச் சரிசெய்து தருவது திரும்ப அழைத்தல் எனப்படும். பேச்சு வழக்கில் இதை 'ரீகால்' என்கின்றனர். பெயரைக் கேட்டதும் காரையே பிடுங்கிக்கொள்வார்களோ என்று அஞ்சுவோர் உண்டு. பெரும்பாலான அழைப்புகளில், காரைச் சர்வீஸ் சென்டரில் விட்டு, குறிப்பிட்ட பாகத்தைச் சோதித்து, தேவையானால் மாற்றிக்கொண்டு வருவதோடு வேலை முடிந்துவிடும்.

2014ஆம் ஆண்டின் அழைப்பு

இந்தியாவில் ஒயரிங் குறைக்காக நடந்த அழைப்புகளுள் குறிப்பிடத்தக்கது, 2014 அக்டோபரில் மாருதி சுசூகி நிறுவனம் அறிவித்தது. டிசையர், ஸ்விஃப்ட், ரிட்ஸ் ஆகிய மூன்று வகைகளிலும் டீசல் கார்கள் மட்டும் இதில் அடங்கின. மொத்தம் 69,555 கார்கள். அவற்றுள் டிசையர் 55,938, ஸ்விஃப்ட் 12,486, ரிட்ஸ் 1,131. டிசையரும் ஸ்விஃப்டும் 2010 மார்ச் 8 முதல் 2013 ஆகஸ்ட் 11 வரை தயாரானவை. ரிட்ஸ் 2009 ஆகஸ்ட் 8 முதல் 2012 செப்டம்பர் 30 வரை தயாரானவை. ஒயர்த் தொகுதி பொருத்தப்பட்ட விதத்தில் குறை என்பதே காரணம்.

இந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும். முதல் கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் அழைப்பு வந்திருக்கிறது. ஒயரிங் குறையின் இயல்பே அப்படிப்பட்டது.

ஒயர் ஏன் தீப்பிடிக்கிறது?

காரின் விளக்கு, ஹாரன், வைப்பர், எரிபொருள் பம்பு, சென்சார்கள் எல்லாவற்றுக்கும் செல்லும் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, நாடா அல்லது பிளாஸ்டிக் குழாயால் உறையிட்டு, ஆங்காங்கே கிளிப் போட்டு உடற்பகுதியில் பொருத்துவார்கள். இந்தக் கட்டையே மெக்கானிக்குகள் 'ஹார்னஸ்' என்கின்றனர். கிளிப் ஓர் அங்குலம் தள்ளி அமைந்தால் என்ன ஆகும்? புதுக் காரில் ஒன்றும் ஆகாது. ஆனால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஏற்படும் அதிர்வில் ஒயரின் உறை பக்கத்திலுள்ள தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். எஞ்சின் சூடு அதை இன்னும் இளக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருநாள் உள்ளிருக்கும் செம்பு வெளியே தெரியும்.

வீட்டில் மின்சாரம் போக ஓர் ஒயர், திரும்ப ஓர் ஒயர் இருக்கிறது. காரில் திரும்பும் வழி பெரும்பாலும் காரின் உடல்தான். பேட்டரியின் எதிர்முனை காரின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே நேர்முனை ஒயரின் செம்பு உடலைத் தொட்டாலே சுற்று முழுமையாகிவிடுகிறது.

12 வோல்ட் தானே, தொட்டால் ஷாக்கே அடிக்காதே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஓமின் விதியைப் போட்டுப் பார்க்கலாம். 60 வாட் முகப்பு விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அந்த ஒயர் உடலைத் தொட்டு, சுற்றின் மொத்தத் தடை 0.05 ஓம் ஆகிவிட்டது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 12ஐ 0.05ஆல் வகுத்தால் 240 ஆம்பியர். திறன் 2,880 வாட். ஏறத்தாழ மூன்று இஸ்திரிப் பெட்டிகளின் சூடு, பென்சில் பருமன்கூட இல்லாத ஒயரிலும் பேட்டரியிலும் எழுகிறது. உறை உருகிப் புகைவதற்குச் சில நொடிகள் போதும்.

இதைத் தடுக்கவே ஃபியூஸ் இருக்கிறது. 10, 15 ஆம்பியர் ஃபியூஸ் உருகிச் சுற்றைத் துண்டித்துவிடும். ஆனால் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த ஒயருக்குப் பல கார்களில் ஃபியூஸ் கிடையாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைக்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அது காவல்காரனைத் தூங்க வைப்பது போன்றது.

பிற நிகழ்வுகள்

2014 ஏப்ரலில் டொயோட்டா நிறுவனம் இந்தியாவில் 44,989 இன்னோவா கார்களை அழைத்தது. ஸ்டீயரிங்குக்குள் சுருளாக இருக்கும் கேபிள் சேதமடைந்தால் ஓட்டுநரின் காற்றுப்பை விரியாமல் போகலாம் என்பது காரணம். ஒயரிங் குறை என்றால் தீ மட்டுமே என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது சான்று.

டாட்டா நானோ சில தீப்பிடித்த பிறகு, 2010 நவம்பரில் அந்நிறுவனம் கூடுதல் ஃபியூஸும் புகைபோக்கிப் பகுதிக்குக் கூடுதல் பாதுகாப்பும் இலவசமாகப் பொருத்தித் தந்தது. ஆனால் அது 'ரீகால்' அல்ல என்றே கூறியது. உரிமையாளருக்குச் சொல்லில் என்ன இருக்கிறது? கூப்பிட்டால் போக வேண்டியதுதான்.

அமெரிக்காவில் 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை அழைத்தன. பிரேக் தொடர்பான ஒரு மின்பகுதியில் ஷார்ட் சர்க்யூட் ஏற்படலாம், நிறுத்தியிருக்கும்போதும் தீப்பிடிக்கலாம் என்பதால், சரிசெய்யும் வரை வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்துமாறு அறிவுறுத்தின.

சட்டம்

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன் 2012 முதல் உற்பத்தியாளர் சங்கத்தின் தன்விருப்ப நெறிமுறை மட்டுமே இருந்தது. இப்போது குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு நடுவண் அரசு ஆணையிட முடியும். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆணையிட்டு அழைக்கும் நிலை வந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு; நிறுவனம் தானே முன்வந்து அழைத்தால் அபராதம் இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே இவ்விதி பொருந்தும். பழைய கார்களை வைத்திருப்போர் நிறைந்த நம் நாட்டில் இந்த வரம்பு குறைவு என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாம் கை கார்கள்

அழைப்புக் கடிதமும் குறுஞ்செய்தியும் நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும். அது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரி. செஞ்சி போன்ற ஊர்களில் ராஜகிரிக் கோட்டைக்கும், அமாவாசை இரவில் மேல்மலையனூருக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்களில் பல, இரண்டு மூன்று கை மாறியவை. சென்னையில் ஒருவர் 2012இல் வாங்கிய டீசல் டிசையரை இன்று செஞ்சியில் ஒருவர் ஓட்டினால், அன்று போன கடிதம் இவருக்குத் தெரிய வழியில்லை. 'வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது' என்பதும் சான்றாகாது. உறை தேய்வது ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது.

எனவே கடிதத்துக்குக் காத்திராமல், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 எழுத்து, எண்கள் கொண்ட சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ கேட்க வேண்டும். பதிவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பதிவுத் தேதியும் தயாரிப்புத் தேதியும் வேறு. 2013 செப்டம்பரில் பதிவான கார் ஜூலையிலேயே தயாராகியிருக்கக்கூடும். பழைய அழைப்பாக இருந்தாலும், அந்த வேலை தன் காரில் முடிந்ததா என்று கேட்பதில் தவறில்லை. பயன்படுத்திய காரை வாங்கப் போகிறவர் பணம் கொடுக்கும் முன்பே இதைச் செய்வது நல்லது.

சரிசெய்யும் வரை

பிளாஸ்டிக் கருகும் வாடை, ஒரே ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போவது, விளக்கு காரணமின்றி மங்குவது ஆகியவை எச்சரிக்கைகள். ஓட்டும்போது புகை வந்தால் ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வைக்க வேண்டும். பெட்டியை எடுக்கத் திரும்பப் போகக் கூடாது. பேனட்டை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ வளரும். தீயணைப்புக்கு 101, பொது அவசர உதவிக்கு 112.

ஒயரை வெளியில் எங்காவது ஒட்டுப்போட்டுவிட்டுச் சர்வீஸ் சென்டருக்குப் போனால் மூலக் குறை எது என்று கண்டறிவது கடினமாகும். பிறகு பொருத்திய பாட்டுப்பெட்டி, கூடுதல் விளக்கு போன்றவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. எலி கடித்த ஒயர் திரும்ப அழைத்தலில் வராது. அதற்குக் காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

செஞ்சிப் பகுதியினர் இதற்காகத் திண்டிவனமோ திருவண்ணாமலையோ விழுப்புரமோ போக நேரலாம். முன்பதிவு செய்யும்போதே மாற்றுப் பாகம் கையிருப்பில் உள்ளதா என்று கேட்டால் ஒருநாள் வாடகை வீணாகாது. வேலை முடிந்ததும் எந்த அழைப்பின்படி என்ன செய்தார்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வைக்க வேண்டும். அழைப்பில் அடங்கிய வேலைக்குப் பணம் கேட்டாலோ மறுத்தாலோ, அதையும் எழுத்தில் கேட்டுப் பெறலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதன் பிறகும் தீராவிட்டால் விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்.